ஓட்டாத வண்டிகள் இரண்டு

இரண்டாவது வண்டி வாங்கும் பேச்சைக் கணவர் முதன்முதலாக எடுத்தது ஒரு சனிக்கிழமை மாலை. அவள் கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, இன்னொரு வண்டி எடுக்கலாம்னு பார்க்கிறேன்."

"ஸ்கூட்டரா?"

"இல்ல, நம்ம வண்டி மாதிரியேதான். தார் ரோட்டுலயும் ஓடும், கல்லு மண்ணுலயும் ஏறும். இதைவிட அஞ்சாறு கிலோ எடை கம்மி."

"மாதிரியேன்னா அப்புறம் எதுக்குங்க?"

அவர் விரல்விட்டு விளக்க ஆரம்பித்தார். ஒன்று சேற்றுக்கு, ஒன்று தூரத்துக்கு. ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று இருக்கும். ஒன்றின் டயர் மேடு பள்ளத்துக்கென்றே முள்ளு முள்ளாக இருக்கட்டும், மற்றதற்குச் சாதா டயர் போட்டுக்கொள்ளலாம்.

"உங்களுக்கு இருக்கிறது ஒரு முதுகு. அதுக்கு ஒரு வண்டி போதும்," என்றாள்.

"நாள் பூரா ரெண்டு கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டு, இதுல தெளிவா அதுல தெளிவான்னு கேட்டுப் பொழைக்கிறவ நீ. உனக்கே வித்தியாசம் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னது நியாயம்தான். கடைத்தெரு முனையில் பதினேழு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கண் பரிசோதித்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்தி, காதுமடலில் உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பது வரை எல்லாம் அவள் கைவேலை. சிரித்தாளே தவிர, சரி என்று சொல்லவில்லை.

தெருவில் அவரை லைன்காரர் என்பார்கள். மின்வாரியத்தில் இருபத்தெட்டு வருஷம் பெரிய கோபுர லைன்களைச் சுற்றிப் பார்த்த ஆள். மலையடிவாரத்தில் தொடங்கி ஆற்றங்கரைவரை நிற்கும் இருநூற்றுச் சொச்சம் கோபுரங்களில் எதில் கம்பியைத் தாங்கும் பீங்கான் வெடித்திருக்கிறது, எங்கே மரக்கிளை கம்பியை நெருங்குகிறது என்று எண் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பாதி தூரம் தார்ச்சாலை, மீதி ஒற்றையடிப் பாதை. அதற்கென்றே வாங்கியது அந்த உயரமான மோட்டார் சைக்கிள். அவள் பின்னால் ஏற வேண்டுமென்றால் அவர் ஏதாவதொரு கல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். சர்வீஸ் முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே, முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

புதன்கிழமை மறுபடியும் அதே பேச்சு. அடுத்த திங்களும். பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மூன்றாம் முறை, "ரெண்டு கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டு" என்ற கேலியும் அப்படியே வந்தது. அதே இழுப்பு. அவள் சிரிப்பதற்காக அதே இடத்தில் ஒரு நிறுத்தம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்காததைப் பார்த்து அவர் முகம் லேசாக வாடியது.

மகளிடம் போனில், "உங்கப்பா தேய்ஞ்ச ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கார்டி," என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல.

நாலாம் முறை அவள் அலுத்துப்போய், "இருக்கிற ஒண்ணு பத்தாதாங்க?" என்றாள்.

"எந்த ஒண்ணு? நம்மகிட்ட ஏது வண்டி?"

ஜன்னலுக்கு வெளியே, தகரக் கூரையின் கீழே, வண்டி நின்றுகொண்டிருந்தது. அவருடைய ஹெல்மெட் ஹாண்டில்பாரில் தொங்கியது. அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சும்மா உன்னைச் சீண்டினேன்," என்று சிரித்தார். அவளுக்கு அதை நம்ப வேண்டியிருந்தது. நம்பினாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுக்காரி கடைக்கு ஓடி வந்தாள். "அக்கா, உங்க வீட்டு வாசல்ல உங்க வீட்டுக்காரர் யாரையோ சத்தம் போட்டுட்டு இருக்கார்."

போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு வண்டிகள். ஒன்று பழையது, டேங்கின் இடது பக்கம் நெளிந்தது. இன்னொன்று அதே சாம்பல் நிறம், அதே உயர்ந்த மட்கார்டு, கொஞ்சம் இளையது. அவர் பழையதைக் காட்டி, "எவனோ நம்ம வீட்டுல வண்டிய நிறுத்திட்டுப் போயிருக்கான். வந்து எடுக்கச் சொல்லு. என் வண்டிய நான் எங்க விடுறது?" என்றார். 'என் வண்டி' என்று அவர் தட்டிக்கொடுத்தது புதியதை.

அவள் கேட்டைச் சாத்திவிட்டு அவரை உள்ளே கூட்டிப் போனாள்.

விற்றவர் ஒரு கல்லூரி நூலகர். பெயர் மாற்றத்துக்கான தாள்களோடு மறுவாரம் வீட்டுக்கு வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, மிருதுவான பேச்சு. அவர் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் லைன்காரர் அவரை மூன்று தடவை, "சார் யாரு, புரியலையே?" என்று கேட்டார். நூலகர் தாள்களைப் பையிலேயே வைத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று அவளிடம், "எனக்குத் தெரியாதும்மா. நல்லாத்தான் பேசினார். வண்டியப் பத்தி என்னைவிட நல்லாவே பேசினார். கொடுத்ததைத் திருப்பித் தந்துடறேன். எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, வந்து எடுத்துக்கறேன்," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு.

அதற்குள் மருத்துவரைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். கோபுரத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரையும் மனிதர், வட்டத்துக்குள் பன்னிரண்டு எண்களையும் ஒரே ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, சரியாகச் செய்துவிட்ட பிள்ளையைப் போல நிமிர்ந்து பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"இனிமே வண்டி ஓட்டக் கூடாது," என்றார் மருத்துவர். "ஒரு நாள்கூட. சாவிய ஒளிச்சு வைங்க. மருந்து தரேன். ஆனா இது குணமாகித் திரும்புற வியாதி இல்லம்மா. போகப் போகக் குறையும்."

"என்னங்க குறையும்? வியாதியா?"

மருத்துவர் அவள் கையைத் தொட்டார்.

மறுநாள் காலை, அவள் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. பழைய முகம். "இப்படி உட்காரு," என்றார். உட்கார்ந்தாள்.

"முழங்கால் வலின்னு நான் வேலைய விடலம்மா. நம்பர் மாத்தி மாத்தி எழுதினேன். நூத்திப் பதினெட்டுல பீங்கான் போயிருக்கு, நான் எண்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கேன். ஆளுங்க தப்பான கோபுரத்துல ஏறிட்டாங்க. நல்லவேளை, ஒண்ணும் ஆகல. ஆயிருந்தா? அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நிஜமாயிடுமேன்னு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள், ஆனாலும் கேட்டுவிட்டாள். "அந்த ரெண்டாவது வண்டிய ஏன் வாங்கினீங்க? அவ்வளவு சொன்னேனே."

"வாங்கணும்னு போகலம்மா. அவர் வீட்டு வாசல்ல நின்னுச்சு. என்னோடதுன்னு தோணுச்சு. என் வண்டி இங்க எப்படி வந்துச்சுன்னு கேட்கப் போய்த்தான் பேச்சு ஆரம்பிச்சது. பாதியிலதான் அது அவரோடதுன்னு புரிஞ்சுது. அப்புறம் எழுந்து வர அவமானமா இருந்துச்சு. அதான் விலை கேட்டேன்."

அவ்வளவு நேரம், அவ்வளவு கோர்வையாக, அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

சாவியை ஒளித்தது பயன்படவில்லை. வீடு முழுக்கத் தலைகீழாகப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டார். அவள் தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்து இரண்டு டேங்கிலும் இருந்த பெட்ரோலை ஒரு கேனில் வடித்துவிட்டாள். புதிய வண்டியை வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நிறுத்தித் துணி போர்த்தியாயிற்று. ஞாயிறுவரை அது அங்கே இருக்கட்டும்.

வியாழக்கிழமை அவர் பழையதில் ஏறிக் கிக்கரை உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்வரை உதைத்துவிட்டு இறங்கி, டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டேங்கைத் திறந்து பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மற்றதெல்லாம் தெரிந்தது. பிளக்கைக் கழற்றினார். கார்புரேட்டரைக் கழற்றினார். செயினை அவிழ்த்தார். கை ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பானர் வேண்டிய இடத்தில் விரல் பார்க்காமலேயே பத்தாம் நம்பரை எடுத்தது. அவள் அன்று கடை திறக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி சந்தோஷமாக இருந்தார்.

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மாலை வெளியே வந்தவர், சிமென்ட் தரையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்து அலறிவிட்டார்.

"யாரு? யாரு என் வண்டிய இப்படிப் பண்ணது?"

"நீங்கதாங்க காலையில..."

"நானா? என் வண்டிய நானா உடைப்பேன்?" தெருவுக்கு ஓடினார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "என் வண்டிய உடைச்சுட்டாங்க சார்," என்று அழுதார். பெரிய மனிதர், தோள்கள் குலுங்க அழுதார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் கையைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. சமாதானம் சொன்னாள், காதில் விழவில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"உங்க வண்டி பத்திரமா இருக்குங்க. வாங்க, காட்டறேன்."

சந்துக்குள் கூட்டிப் போய்த் துணியை உருவினாள். வண்டி முழுசாக நின்றது. அவர் சீட்டைத் தடவினார். ஹெட்லைட்டைத் தடவினார். டயரை அமுக்கிப் பார்த்தார். அழுகை விக்கலாகக் குறைந்தது.

"அப்ப அது யாரோடது?"

"ரிப்பேருக்கு வந்ததுங்க. நீங்கதானே சரி பண்ணித் தரேன்னு வாங்கி வச்சீங்க."

"ஓ..." என்றார். "ஆமால்ல. சொன்னேன்."

மறுநாள் அவர் காலையிலேயே எழுந்து, யாருடையதோ ஆகிவிட்ட தன் வண்டிக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நடுநடுவே எழுந்துபோய்ச் சந்தில் தன்னுடையது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பார்த்தால் நிம்மதி. திரும்பி வந்து வேலை.

ஞாயிற்றுக்கிழமை நூலகர் சொன்னபடி வந்தார். அவள் கேட்டருகே போய் நின்றுகொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க சார். வண்டி எங்ககிட்டயே இருக்கட்டும்."

"ரெண்டுமா?" என்றவர், தரையில் பரப்பி வைத்த சாமான்களையும் அவற்றுக்கு நடுவே குனிந்திருந்த நரைத்தலையையும் பார்த்தார். பையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் அப்படி லேசில் விடவில்லை. "ஓட்டாத வண்டி ரெண்டு எதுக்கும்மா? ஒண்ணுன்னாக்கூட ஞாபகத்துக்குன்னு வச்சுக்கலாம். உனக்கு வேற வேலை இல்லையா?" என்று போனில் கத்தினாள். கத்தியது வண்டிக்காக இல்லை என்று தாய்க்குத் தெரியும். தொலைவில் இருக்கிற பிள்ளை. அழுவதற்குப் பதில் கத்துகிறது. "வந்து பாரு, அப்புறம் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மகள் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிக் கேட்டைத் திறந்தபோது அவர் நிமிர்ந்தார். கையை உதறித் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மரியாதையாக ஒரு சிரிப்பு.

"வாங்கம்மா. உங்க வண்டியா? இன்னும் ரெண்டு நாள் ஆகும்போல இருக்கு. கார்புரேட்டர்ல அழுக்கு அதிகம்."

மகள் பெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். அவள் வாய் 'அப்பா' என்று குவிந்ததைத் தாய் வாசலிலிருந்து பார்த்தாள்.

"அவசரமில்ல சார்," என்றாள் மகள். "மெதுவா பாருங்க."

"நாளைக்கே வேணும்னு கேட்காம இருக்கீங்களே, அதுவே பெரிசு," என்று அவர் சிரித்தார். "உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. ஏம்மா, இவங்களுக்குத் தண்ணி கொண்டா."

மகள் அவர் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டி, இது எதற்கு, இது போனால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரம் இருக்கும். அவள், "சரிங்க சார், சரிங்க சார்," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வரவில்லை. ஊருக்குத் திரும்பும்வரை வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும் நாளன்று மட்டும், சந்திலிருந்த வண்டியின் மேல் போர்த்திய துணியைத் தானே உதறி ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனாள்.

அப்படியே ஒரு வருஷமும் இரண்டு மாதமும் போயிற்று. அவள் கடையைக் காலையில் மட்டும் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அந்த நேரம் அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டாள். அவர் பிரித்தார், துடைத்தார், சிலதைப் பூட்டினார், பூட்டியதைப் பிரித்தார். ஒரு முறைகூட வண்டி முழுசாகக் கூடவில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. சாயங்காலம் அழுகை வரும்போது சந்துக்குக் கூட்டிப் போவாள். சில நாள் மூன்று முறை. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு.

முதலில் விட்டுப்போனது பெயர்கள். பிறகு அவளும். ஒரு நாள் அவளை, "நீங்க இந்த வீட்டுல எத்தனை நாளா வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். "முப்பத்தோரு வருஷமாங்க," என்றாள். "அடேயப்பா," என்று ஆச்சரியப்பட்டார். கை மட்டும் எல்லாவற்றுக்கும் பிந்தி நின்றது. அதுவும் ஒரு காலையில் போயிற்று. ஸ்பானரை எடுத்தார், வாய்ப்பக்கத்தைப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். அது என்னவென்று கேட்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் வாங்கி, சரியாகப் பிடித்து, நட்டின் மேல் வைத்துக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள்.

அன்று எல்லாச் சாமான்களையும் நான்கு சாக்குகளில் கட்டி, எலும்புக்கூடாக மிஞ்சிய சட்டத்தைக் கொல்லையில் சாய்த்தாள். மாலையில் அவர் வெற்றுத் தரையைப் பார்த்தார். அழவில்லை, தேடவில்லை. பழக்கத்தில் அவள்தான் கையைப் பிடித்துச் சந்துக்குக் கூட்டிப் போய்த் துணியை விலக்கினாள். அவர் வண்டியைப் பார்த்த மாதிரியேதான் பக்கத்துச் சுவரையும் பார்த்தார். அந்தச் சந்தில், இத்தனை நாளும் சமாதானம் சொன்ன வாய்க்கு இப்போது சொல்ல ஒன்றுமில்லாமல், அவள் வாய்விட்டு அழுதாள். அவர் எதுவும் புரியாமல், ஆனால் யாரோ அழுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்து, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஒரு மதியம், மகள் தலைமாட்டில் இருக்கும்போதே மூச்சு நின்றது.

சாக்குகளையும் அந்தச் சட்டத்தையும் மகள்தான் ஒரு நாள் ஆள் வரவழைத்துப் பழைய இரும்புக்குப் போட்டு அனுப்பினாள். அம்மா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. அதை அவள் கேட்கவும் இல்லை, மகள் சொல்லவும் இல்லை. சந்தில் நின்றது மட்டும் இன்னும் சில மாதம் நின்றது. நூலகர் ஒரு ஆளைச் சொல்லி அனுப்பினார். மேட்டுப்பகுதி வீடுகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் செவிலிப் பெண். நெடுநெடுவென்று உயரம். துணியை எடுத்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டயரில் காற்று அடித்தாள், புது பேட்டரி மாட்டினாள், கொண்டுவந்த பாட்டில் பெட்ரோலை ஊற்றினாள்.

"ரொம்பக் கொஞ்சமாத்தான் ஓடியிருக்கு. உங்க வீட்டுல யாரு ஓட்டினாங்க?"

"யாரும் ஓட்டல."

"அப்புறம் ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"

"தேவைப்பட்டுச்சும்மா," என்றாள்.

அந்தப் பெண் ஐந்தாறு முறை உதைத்தாள். வண்டி இருமியது, அடங்கியது. பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டது.

அந்த வண்டியின் சத்தத்தை அவள் அதுவரை கேட்டதே இல்லை. அது வீட்டுக்கு வந்த நாளில் அவள் கடையில் இருந்தாள். இப்போது கேட்டபோது கேட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதே சத்தம். கொஞ்சமும் வித்தியாசமில்லாத அதே சத்தம். பதினோரு வருஷம், சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் கேட்டதும் எழுந்துபோய் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்த சத்தம்.

செவிலிப் பெண் கையசைத்துவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை திரும்பி, பெரிய சாலையின் இரைச்சலில் கலந்து, அது தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போகும்வரை அவள் அங்கேயே நின்றாள். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றாள். மகள் வந்து தோளைத் தொட்டு, "உள்ள வாம்மா," என்றாள்.